கரண்ட் பில் 14,262 ரூபாய்: கட்டுவதா, எதிர்ப்பதா?

கேள்வி:

நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். காவிரிக் கரையோரம் ஒரு சிற்றூரில் சொந்த வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருக்கிறோம். மாடியைக் கடந்த மார்ச்சில் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். அவர்களுக்குத் தனி மீட்டர். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டைச் சுற்றித்தான் வரும். டிசம்பரில் 396, பிப்ரவரியில் 400. ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் வெளியூரில் இருந்தோம். கேட் பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்காமல், முந்தைய தொகையான 1,175 ரூபாயையே போட்டிருந்தார்கள். கட்டிவிட்டோம். இப்போது 2025 ஜூன் 16இல் ரீடிங் எடுத்துவிட்டு 1,640 யூனிட், 14,262 ரூபாய் என்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒன்றரை டன் ஏசி ஒன்று. அதையும் ஏப்ரல் கடைசியிலிருந்து இரவில் மட்டும்தான் போடுகிறோம். அலுவலகத்தில் கேட்டால், “மீட்டரில் ஓடியதைத்தான் போட்டிருக்கிறோம். முதலில் கட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்கள். கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அட்டையில் பிப்ரவரி ரீடிங் 18,462. ஜூன் ரீடிங் 20,102. இன்று, ஜூன் 25, நானே போய்ப் பார்த்தேன்: 20,271. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

பதில்:

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். 14,262 ரூபாயை முழுதாகக் கட்டினால்தான் உங்கள் பேச்சைக் கேட்பார்கள் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதற்குத் தனியாக வருகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய அந்தச் சிவப்பு விளக்குதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான சாட்சி. மீட்டர் சோதனைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அலுவலகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரூபாயைப் பற்றியே பேசுகிறார்கள். “எப்போதும் ஆயிரம் வரும், இப்போது எப்படிப் பதினாலாயிரம்?” என்று கேட்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கு அதற்குப் பதில் சொல்வது சுலபம்: “மீட்டர் ஓடியிருக்கிறது.” அதோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் யூனிட்டைப் பற்றிப் பேசுங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எத்தனை யூனிட், எந்த விகிதத்தில் என்று கேளுங்கள். இதற்கு அவர் கணக்கைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சரி, நாமும் கணக்கைத் திறப்போம். 20,102இலிருந்து 18,462ஐக் கழித்தால் 1,640. கழித்தல் சரி. ரீடிங் எடுத்தவர் எண்ணைத் தவறாகப் பதிந்தாரா? இல்லை. ஒன்பது நாள் கழித்து நீங்கள் பார்த்தபோது 20,271 இருக்கிறது. 20,102 என்பது தவறான எண்ணாக இருந்தால் இது பொருந்தியிருக்காது. ஆக எண் உண்மை. ஆனால் அந்த 1,640 யூனிட் இரண்டு மாதத்தில் ஓடியதல்ல. 18,462 என்பது பிப்ரவரி ரீடிங். ஏப்ரலில் வீடு பூட்டியிருந்ததால் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. ஆகவே 1,640 என்பது நான்கு மாதத்துக்கான யூனிட். அதை ஒரே இருமாதத் தவணையில் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் நீங்கள் கட்டிய 1,175 ரூபாயும் கழிக்கப்படவில்லை. இதுதான் உங்கள் பில்லில் உள்ள முதல் தவறு.

இது எவ்வளவு பெரிய தவறு என்பது கட்டண விகிதத்தைப் பார்த்தால் புரியும். உங்கள் பில்லுக்குப் பொருந்துவது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே மாறிவிடுகிறது. அந்த 2.35 ரூபாய்ப் படி காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11.55. சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் கூடுகிறது.

இந்த ஏணியில் நான்கு மாத யூனிட்டை ஒரே மூட்டையாக ஏற்றினால் என்ன ஆகும்? உங்கள் 1,640இல் 640 யூனிட் உச்சப் படியான 11.55இல் போய் விழுந்திருக்கிறது. அதுவே 7,392 ரூபாய். மாறாக, 1,640ஐ இரண்டு தவணையாகப் பிரித்தால் தவணைக்கு 820 யூனிட். ஒரு தவணைக்கு 4,980 ரூபாய், இரண்டுக்கும் 9,960. ஏற்கெனவே கட்டிய 1,175ஐக் கழித்தால் 8,785 ரூபாய். அதாவது மீட்டர் ஓடிய ஒவ்வொரு யூனிட்டும் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டாலும், உங்கள் பில்லில் 5,477 ரூபாய் கூடுதலாக இருக்கிறது.

பிரித்துப் போடுவார்களா என்று கேட்பீர்கள். 2020 ஊரடங்கு உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் ரீடிங் எடுக்க வரவில்லை, எல்லோரும் பழைய தொகையையே கட்டினோம். அப்புறம் நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்தபோது ஊரெல்லாம் கூச்சல். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நான்கு மாத யூனிட்டை இரண்டு இருமாதத் தவணைகளாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே 100 யூனிட் இலவசமும் படிக் கட்டணமும் கொடுத்துத்தான் கணக்கிட்டோம் என்று மின் நிறுவனம் சொன்னது. முன்பு கட்டிய தொகையை ரூபாயாகக் கழிக்காமல் யூனிட்டாகக் கழிக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பிரிக்க வேண்டும் என்பதில் அப்போது யாருக்கும் தகராறு இல்லை. உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். பூட்டிய வீடு என்று ஏப்ரலில் பதிய வேண்டியதைப் பதியாமல் விட்டதால் கணினி தானாகப் பிரிக்காமல் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் திருத்த வேண்டியது அவர்கள். இதற்கு மீட்டரைச் சோதிக்கத் தேவையில்லை. பிரிவு அலுவலகத்தின் உதவி பொறியாளரும் வருவாய்ப் பிரிவின் உதவி கணக்கு அலுவலரும் சேர்ந்தால் முடிகிற வேலை.

அடுத்ததாக, நீங்கள் விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏசி “இரவில் மட்டும்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வெயிலில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவுக்கு எட்டு மணி நேரம், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் 16 வரை ஐம்பது இரவு என்றால் 400 யூனிட். மற்ற இரண்டு மாதம் வீடு முழுவதும் எரிக்கிற அளவை அந்த ஒரு பெட்டியே எரித்திருக்கிறது. இது உங்கள் செலவுதான். கோடை பில்லைப் பிப்ரவரி பில்லோடு ஒப்பிட்டால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். போன வருடம் இதே ஜூன் பில்லை எடுத்து ஒப்பிடுங்கள். அலுவலகத்திலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வழக்கமான நான்கு மாதம் 800 யூனிட். மூன்று வாரம் வீட்டில் இல்லாததற்கு 120 குறைத்துக்கொள்ளலாம், ஃபிரிட்ஜ் ஓடியிருக்கும் என்பதால் அதற்கு மேல் குறைக்க வேண்டாம். ஏசிக்கு 400 கூட்டினால் 1,080 வருகிறது. ஓடியது 1,640. மீதி 560 யூனிட் எங்கே போனது?

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ஜூன் 16 முதல் 25 வரை ஒன்பது நாளில் 169 யூனிட் ஓடியிருக்கிறது. நாளுக்கு 19 யூனிட். வழக்கமான வீட்டுச் செலவு ஆறேழு யூனிட், ஏசிக்கு எட்டு என்றால் பதினைந்துதான் வர வேண்டும். தினமும் நாலு யூனிட் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்த வாரமே பார்க்க வேண்டும். பில் தகராறு முடியட்டும் என்று காத்திருந்தால் ஆகஸ்ட் பில்லும் இப்படியே வரும்.

இனி சிவப்பு விளக்கு. வீட்டுக்கு வருகிற மின்சாரம் பேஸ் கம்பி வழியாக உள்ளே வந்து, நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பிப் போகிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் போகிற அளவும் திரும்புகிற அளவும் ஒன்றே. இப்போதுள்ள சிங்கிள் பேஸ் மீட்டர்கள் பலவற்றில் இரண்டு கம்பியையும் தனித்தனியே அளக்கிற அமைப்பு இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் எது அதிகமோ அதை வைத்து யூனிட்டைப் பதியும். நியூட்ரலைத் துண்டித்துவிட்டு எர்த் வழியாகத் திருட்டுத்தனமாக எரிப்பவர்களைப் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. வித்தியாசம் இருக்கிறது என்று காட்டத்தான் அந்தச் சிவப்பு விளக்கு. பக்கத்தில் ‘எர்த்’ என்றோ ‘இ.எல்.’ என்றோ ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். யூனிட் ஓடும்போது மின்னி மின்னி எரிவது வேறொரு விளக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

திருடாத வீட்டில் இந்த விளக்கு எரிய இரண்டு காரணம் உண்டு. ஒன்று, எர்த் கசிவு. சுவருக்குள் ஈரத்தில் இன்சுலேஷன் போன வயர், பழைய தண்ணீர் மோட்டார், கீசரின் சுருள் என எங்காவது மின்சாரம் மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கும். 2 ஆம்பியர் ஒழுகினால்கூட நாளுக்கு 11 யூனிட், இரண்டு மாதத்தில் 660. ஒரு வீட்டில் தோட்டத்து மோட்டாருக்குப் போகிற வயர் சுவரில் இப்படி ஒழுகியதை நான் பார்த்திருக்கிறேன். தனியாக இருந்த பாட்டி, இரண்டு லைட்டும் ஒரு ஃபேனும்தான் போடுவார். பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பணத்தைவிட, அந்த ஈரச் சுவரில் அவர் தினமும் கை வைத்து நடந்ததை நினைத்துத்தான் எனக்கு உடம்பு நடுங்கியது.

இரண்டாவது காரணம், நியூட்ரல் கலப்பு. உங்கள் வீட்டில் இதுதான் என்று எனக்குப் பலமான சந்தேகம். மாடிக்கு மார்ச்சில் ஆள் வந்திருக்கிறார்கள். ஏசியோ கீசரோ மாட்ட வயரிங் ஆள் வந்திருப்பார். மாடி லைனின் நியூட்ரலை, கைக்கு எட்டியதாலோ வயர் மிச்சமாகும் என்றோ, உங்கள் நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருக்கலாம். லைட் எரியும், ஏசி ஓடும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மாடியின் மின்சாரத்தில் ஒரு பங்கு உங்கள் மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்பும். நியூட்ரலில் அதிகம் போகிறதே என்று உங்கள் மீட்டர் அதையும் சேர்த்துப் பதியும். மாடி மீட்டர் தன் பேஸில் போனதைப் பதியும். ஒரே மின்சாரத்துக்கு இரண்டு மீட்டரும் ஓடும். ஆகவே மாடிக்காரருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. தயவுசெய்து அவர்கள் திருடுவதாக நினைத்துப் பேசிவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஜென்மப் பகையானதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு பகலில், மெயின் சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும், உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். லைட், ஃபேன் சுவிட்சுகளை அணையுங்கள். மாடியிலும் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். இப்போது உங்கள் மீட்டரின் மின்னும் விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். மின்னினால் உங்கள் வயரிங்கில் எர்த் கசிவு இருக்கிறது. மின்னவில்லை என்றால் மாடியில் ஏசியை மட்டும் போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒன்றுமே ஓடாதபோது உங்கள் மீட்டர் மின்ன ஆரம்பித்தால் நியூட்ரல் கலந்திருக்கிறது. ஏசியோடு நிறுத்தாமல் கீசர், மோட்டார் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எந்த லைன் என்று தெரிந்துவிடும். அப்புறம் மெயின் சுவிட்சையே அணையுங்கள். அப்போதும் மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது, அல்லது மீட்டரே சரியில்லை. எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். மாடி மீட்டரும் உங்கள் மீட்டரும் ஒரே படத்தில் தெரிந்தால் இன்னும் நல்லது.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்பதையும் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். முன்பலகையில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் 3,200. ஒரு யூனிட் ஓட அந்த விளக்கு அத்தனை முறை மின்னும் என்று அர்த்தம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,500 வாட் கெட்டிலில் தண்ணீர் வைத்து, சரியாக ஒரு நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். கணக்குப்படி 80 வர வேண்டும். வோல்டேஜ் சற்றுக் குறைவாக இருந்தால் 70, 75 வரும். நூறைத் தாண்டினால் மீட்டர் மேல் சந்தேகப்படலாம். என் அனுபவத்தில் ஸ்டாடிக் மீட்டர் (சுழலும் தட்டு இல்லாத மின்னணு மீட்டர்) தானாகவே வேகமாக ஓடுவது அபூர்வம். மீட்டர் மேல் பழி போட்டு வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டில் குற்றவாளி வயரிங்தான்.

நீங்களோ எலக்ட்ரீஷியனோ மீட்டரின் சீலைத் தொடவே கூடாது. தொட்டால் நியாயமான புகார் மின்திருட்டு வழக்காக மாறிவிடும், அதிலிருந்து மீள்வது பெரும்பாடு. அதேபோல “ஒரு தொகை கொடுங்கள், மீட்டரை மாற்றித் தந்துவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மீட்டர் போய்விட்டால் உங்கள் ஆதாரமும் போய்விடும்.

இப்போது பணம். மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆம் பிரிவுதான் உங்கள் கவசம். பணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் தருவதும் அதே பிரிவுதான். ஆனால் துண்டிக்கும் முன் 15 முழு நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு வேண்டும் என்கிறது. அதோடு, பில் மேல் தகராறு இருந்து, நுகர்வோர் எதிர்ப்பைப் பதிவு செய்து ஒரு தொகையைச் செலுத்திவிட்டால் தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எவ்வளவு தொகை? கேட்கப்பட்ட முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதம் கட்டியதன் சராசரி, இரண்டில் எது குறைவோ அது. உங்கள் முந்தைய மூன்று பில்கள் 1,156.20, 1,175, 1,175. சராசரி ஏறக்குறைய 1,169 ரூபாய். சட்டப்படி இதைக் கட்டினால் போதும்.

ஆனால் என் யோசனை, மீதிப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். 8,785 வரை தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் அதில் ஒரு பகுதியை நீங்கள் கட்டத்தான் வேண்டியிருக்கும், தாமதக் கட்டணமும் சேரலாம். அந்த 560 யூனிட் உங்களுடையதல்ல என்று முடிவானால் கணக்கு இன்னும் இறங்கும்: 1,080ஐ இரண்டாகப் பிரித்து 540, தவணைக்கு 2,376, கட்டியது போக 3,577 ரூபாய்.

செயலியில் கட்ட முயலாமல், கடிதத்தோடு நேரில் போங்கள். கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதலாம்:

“பெறுநர்: உதவி பொறியாளர். நகல்: உதவி கணக்கு அலுவலர், உதவி செயற்பொறியாளர். என் மின் இணைப்பு எண் இன்னது. 16.06.2025 அன்று 1,640 யூனிட்டுக்கு ரூ.14,262 கணக்கிடப்பட்டுள்ளது. இது பிப்ரவரி ரீடிங் 18,462 முதல் ஜூன் ரீடிங் 20,102 வரை நான்கு மாதத்துக்கான பயனீடு. ஏப்ரலில் வீடு பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்கப்படாமல் ரூ.1,175 செலுத்தியுள்ளேன். எனவே, ஒன்று, பயனீட்டை இரண்டு இருமாதத் தவணைகளாகப் பிரித்து, செலுத்திய தொகையைக் கழித்துப் பில்லைத் திருத்தித் தருக. இரண்டு, மீட்டர் பதிவு என் பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்பதால் சரிபார்ப்பு மீட்டர் பொருத்துக. மூன்று, மின்சாரச் சட்டம் 2003 பிரிவு 56இன்படி முந்தைய ஆறு மாதச் சராசரித் தொகையை எதிர்ப்புடன் செலுத்துகிறேன். தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.”

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடாமல் நேராகத் தபால் நிலையம் போய் ஒப்புகை வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிந்து புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது கடிதத்துக்கு மாற்று அல்ல, கூடுதல் ஆதாரம்.

இரண்டாவது கோரிக்கையில் சரிபார்ப்பு மீட்டர் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மீட்டர் பதிவு தன் பயன்பாட்டோடு பொருந்தவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்கிறது அது. இதை அறிந்தவர்கள் இன்னும் குறைவு. அலுவலகத்தில் தெரியாது என்றால் விதியின் பெயரைச் சொல்லி, கடிதத்திலும் சேர்த்துவிடுங்கள். மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு எடுத்துப் போவதானால், கழற்றிய நாளின் ரீடிங், மீட்டர் வரிசை எண், சீல் எண்கள் எழுதிய சீட்டில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையின்போது நேரில் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மீட்டர் பழுது என்று முடிவானால், தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துக் கணக்கிட வேண்டும். கூடுதலாக வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தரவும் அதே விதித்தொகுப்பில் இடம் இருக்கிறது.

ஆனால் தவறு வயரிங்கில் என்று தெரிந்தால்? மீட்டருக்கு அப்பால் உள்ள வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த 560 யூனிட்டுக்கான பணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஒரே மின்சாரம் இரண்டு மீட்டரிலும் பதிவானதை வீடியோவோடு காட்டினால் மேலதிகாரி ஒருவேளை இரங்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். முதல் கோரிக்கையான பிரித்துக் கணக்கிடுதலில் மட்டும் ஒரு அடியும் பின்வாங்காதீர்கள்.

பிரிவு அலுவலகத்தில் நடக்கவில்லை என்றால் உதவி செயற்பொறியாளர், பிறகு கோட்டச் செயற்பொறியாளர். அங்கும் நடக்காவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுப் போடுங்கள். மேற்பார்வை பொறியாளர் அதற்குத் தலைவர். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே போய்ப் பேசலாம். அங்கு வரும் உத்தரவும் திருப்தி தராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் வழி உண்டு. ஆனால் இவ்வளவு சின்னக் கணக்குத் திருத்தத்துக்கு அங்கு போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். உதவி செயற்பொறியாளர் மேசையிலேயே முடியக்கூடிய விஷயம் இது. நான் பார்த்தவரை, எண்களை ஒரே தாளில் எழுதி எடுத்து வருபவருக்கு அலுவலகம் நின்று பதில் சொல்கிறது.

அடுத்த முறை வெளியூர் போவதாக இருந்தால், மாடிக்காரரிடமே கேட் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். தொடர்ந்து இரண்டு முறை ரீடிங் எடுக்க முடியாமல் போனால், மீட்டரின் எண்ணும் தேதியும் தெரிய ஒரு படம் எடுத்துப் பதிவு செய்த கைபேசியிலிருந்தோ மின்னஞ்சலிலோ அனுப்பவும் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளில் இடம் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே வேலை. கடிதம் கொடுத்து 1,169 ரூபாய் கட்டுவது ஒன்று. உரிமம் உள்ள நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மேலே சொன்ன சோதனையைச் செய்து, நியூட்ரல்களைப் பிரிக்கச் சொல்வது இன்னொன்று. அப்படியே கீழுக்கும் மாடிக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் சுவிட்ச்) ஒன்று மாட்டச் சொல்லுங்கள். செலவு இருக்கும், ஆனாலும் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். எர்த் கசிவு இருந்தாலும் நியூட்ரல் கலந்திருந்தாலும் அது உடனே விழுந்துவிடும், பேரக்குழந்தை வந்து தவழும்போது உயிரையும் காக்கும்.

வேலை முடிந்ததும் மீட்டர் பெட்டியைத் திறந்து, அந்தச் சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அணையவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைப் பணம் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.